பழைய பைக்கின் டிரம் பிரேக்: கேமைக் கழற்றுவதிலிருந்து கேபிள் கட்டுவது வரை, குமரி மாவட்டத்து வண்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் அட்ஜஸ்டர் நட்டை இரண்டு சுற்று முறுக்குகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் புது ஷூ (டிரம்மின் உட்புறத்தில் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) வாங்கிப் போடுகிறார்கள். சில மாதத்தில் புது ஷூவும் பழையபடி ஆகிவிடும். அப்போது பழி ஷூ கம்பெனி மேல் விழும். நம் மாவட்டத்து வண்டிகளில் பாதி நேரம் கோளாறு ஷூவில் இருப்பதில்லை. ஷூவை அகட்டும் கேம் துருவேறி இறுகிப்போயிருக்கும்.

காரணம் ஊரிலேயே இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கடப்புறத்தில் உப்புக்காற்றும் மணலும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துச் சேறு. ஈரமும் உப்பும் முதலில் புகுவது கேம் தண்டும் அது நுழையும் துளையும் சேருமிடத்தில்தான்.

இந்த வழிகாட்டி ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள மற்ற பைக்குகளுக்கும் அடிப்படை இதுவே. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ். வண்டிகளில் கூடுதல் கேபிள் இருக்கும். அவற்றின் அட்ஜஸ்ட்மென்ட் முறை வேறு, இதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உள்ள குழிந்த உருளைதான் டிரம். அதை மூடும் பிரேக் பிளேட்டில் அரைவட்டமாக இரண்டு ஷூக்கள் இருக்கும். இரண்டின் ஒரு முனையும் ஆங்கர் பின் என்ற அசையாத தண்டில் ஊன்றியிருக்கும். மறுமுனைகளுக்கு நடுவே தட்டை முகம் கொண்ட கேம் நிற்கும். லிவரை இழுத்தால் கேம் திரும்பி ஷூக்களை அகட்டி டிரம்மில் அழுத்தும். விட்டால் ஸ்பிரிங்குகள் ஷூவை உள்ளே இழுக்க, அந்த அழுத்தத்தில் கேம் பழைய நிலைக்குத் திரும்பும். இறுகிய கேம் போகும்போதும் கையின் பலத்தைத் தின்னும், திரும்பும்போதும் பாதியில் நிற்கும். அதனால்தான் ஒரே வண்டியில் ‘பிரேக் பிடிக்கவில்லை’, ‘பிரேக் ஒட்டுகிறது’ என்ற இரண்டு புகாரும் சேர்ந்து வருகின்றன.

பிரிப்பதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை

முன் பிரேக் கேபிளின் கீழ் முனையில் உள்ள அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி, கேபிளைப் பிரேக் ஆர்மிலிருந்து (கேமை வெளியிலிருந்து திருப்பும் கை) விடுவியுங்கள். இப்போது ஹேண்டில்பார் லிவரை இழுத்துப் பாருங்கள். கேபிள் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கரகரவென்று வந்தால் கேபிளுக்குள் துரு.

அடுத்து பிரேக் ஆர்மைக் கையால் திருப்பி விடுங்கள். ‘டக்’கென்று தானாகத் திரும்ப வேண்டும். மெதுவாக நகர்ந்தாலோ, நின்ற இடத்திலேயே நின்றாலோ கேம் இறுகியிருக்கிறது. பின்பக்கத்தில் பெடலையும் ஆர்மையும் இணைக்கும் பிரேக் ராடைக் கழற்றி இதையே செய்யுங்கள். கேபிளா கேமா என்று தெரியாமல் கேபிளை மாற்றிக் காசு விடுவது இந்த வேலையில் நடக்கும் முதல் வீண்செலவு.

ஷூ தேய்மானத்துக்கு வெளியிலேயே ஓர் அடையாளம் உண்டு. பிரேக் ஆர்மோடு ஒட்டிய தகட்டில் ஓர் அம்புக்குறியும், பிளேட்டில் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. நட்டில் இன்னும் மரை மீதி இருக்கிறதே என்று பார்த்து ஏமாறக் கூடாது.

தேவையானவை

10, 12, 14, 17, 19 அளவு ஸ்பேனர்கள் (ஆக்சில் நட்டுக்கு ரிங் ஸ்பேனரே நல்லது), குறடு, ஸ்க்ரூடிரைவர், மரச்சுத்தியல், கம்பி பிரஷ், 100 மற்றும் 400 நம்பர் உப்புத்தாள், பனியன் வேஸ்ட், பழைய பல் பிரஷ், சோப்புத்தண்ணீர், பிரேக் கிளீனர் ஒரு டப்பா, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ் ஒரு சிறு டப்பா. நுட்பமாக அளக்கும் வெர்னியர் இருந்தால் நல்லது. புதிதாக வாங்க வேண்டியவை: காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும், கால் மடக்கும் கம்பி ஊசி), கேமுக்கான ஃபெல்ட் வாஷர் (கம்பளி வளையம்), தேவைப்பட்டால் ஸ்பிரிங்கோடு ஷூ செட், கேபிள்.

ஷூ வாங்கப் போகும்போது பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் முன்னால் 130 மி.மீ., பின்னால் 110 மி.மீ. டிரம் வரும். ஆனால் பல கை மாறிய வண்டியில் வேறு மாடல் சக்கரம் ஏறியிருக்கலாம். மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட ஷூவை வைத்து ஒப்பிட்டு வாங்குவது பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் கழற்றுங்கள். வண்டி நிற்கவும் அதுதான் நல்லது; எது எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். கழற்றும் சாமான்களைக் கழற்றும் வரிசையிலேயே தனித்தனிச் சிரட்டைகளில் போட்டு வையுங்கள். மணல் முற்றத்தில் உட்கார்ந்து செய்தால் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். கிரீஸ் பட்ட பாகத்தில் ஒட்டிய மணல், உள்ளே போய் உப்புத்தாளின் வேலையைச் செய்யும்.

பின் சக்கரத்தைக் கழற்றுதல்

சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்துங்கள். பிரேக் ராடின் அட்ஜஸ்டர் நட்டை முழுதும் கழற்றி ராடை விடுவியுங்கள். அதன் சிறு ஸ்பிரிங்கும் ஆர்மில் இருக்கும் உருளைப் பின்னும் தெறித்துத் தொலையக்கூடியவை. ராடிலேயே மாட்டி நட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அடுத்து டார்க் ஆர்ம். பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு பிடித்து நிறுத்தும் கம்பி இதுதான். அதன் போல்ட்டில் உள்ள காட்டர் பின்னை நேராக்கி உருவி, நட்டைக் கழற்றுங்கள். கடப்புறத்து வண்டிகளில் இந்த நட் துருவில் புதைந்திருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் காலையில் எளிது.

ஆக்சில் நட்டைக் கழற்றும் முன் செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இருபுறமும் எந்த அடையாளத்தில் நிற்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) பிடித்திருக்கும் ஸ்லீவ் நட் உள்ள வண்டிகளில் அந்தப் பெரிய நட்டைத் தொட வேண்டாம். ஆக்சிலை உருவினால் ஸ்ப்ராக்கெட்டும் செயின் கவரும் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் ஹப் ரப்பரிலிருந்து விலகி வரும். ஸ்பேசர் (ஆக்சிலில் வரும் இடைவளையம்) எந்தப் பக்கம், எந்த முகம் உள்நோக்கி என்று கவனியுங்கள். வண்டியை ஒரு பக்கம் சாய்த்தால்தான் சக்கரம் மட்கார்டைத் தாண்டும். அதற்கு இன்னொருவர் வேண்டும்.

முன் சக்கரம் இதைவிட எளிது. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன்பக்கம் தூக்கி நிற்கச் செய்யுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள், பிரேக் கேபிள், ஆக்சில் நட் என்ற வரிசையில் கழற்றினால் போதும்.

தூசியை ஊதாதீர்கள்

பிளேட்டை வெளியே எடுத்ததும் கறுப்புத் தூசி கொட்டும். வாயால் ஊதுவதும் பம்ப் காற்று அடிப்பதும் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சோப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், ஷூ அதைக் குடித்துக்கொள்ளும்.

ஷூவும் டிரம்மும்

இரண்டு ஷூவின் நடுப்பகுதியையும் வெளிப்பக்கமாகத் தூக்கி, புத்தகத்தை மடிப்பதுபோல் மடித்தால் ஸ்பிரிங்கோடு கழன்றுவிடும். பழைய ஷூவையே திரும்பப் போடுவதானால் எது எந்தப் பக்கம் என்று அடையாளம் இடுங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்வதில்லை.

புது ஷூவின் லைனிங் (மேலே ஒட்டிய உராயும் பட்டை) கனம் ஏறக்குறைய 4 மி.மீ. இருக்கும். மிக மெலிந்த இடத்தில் 2 மி.மீ. வந்துவிட்டால் மாற்றுங்கள். கனம் இருந்தும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது சூட்டில் இறுகிய மேற்பரப்பு. கீரிப்பாறை, காளிகேசம் போன்ற இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். 100 நம்பர் உப்புத்தாளைத் தட்டைக் கட்டையில் சுற்றி, பளபளப்பு மறைந்து ஒரே மங்கல் நிறம் வரும்வரை குறுக்காகத் தேயுங்கள். முனைகளைச் சற்றே சரிவாகத் தேய்த்துவிட்டால் புது ஷூவின் கீச்சொலியும், வெடுக்கென்று பிடிப்பதும் குறையும்.

எண்ணெயோ கிரீஸோ ஊறிய ஷூவைக் காப்பாற்ற முடியாது. கழுவி, வெயிலில் காயவைத்து, அடுப்பில் வாட்டிப் போடுபவர்கள் உண்டு. சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். மாற்றுங்கள். கூடவே அந்தக் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்: முன் சக்கரத்தில் ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்துக்கு அள்ளி அப்பிய கிரீஸ், அல்லது கிழிந்த பேரிங் சீல். அதை விட்டுவிட்டு ஷூவை மட்டும் மாற்றினால் அடுத்ததும் நனையும்.

ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் நீண்டுவிட்டது என்று பொருள். மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள்.

டிரம்மின் உள்விட்டத்துக்கு எல்லை உண்டு. பெரும்பாலும் அசல் அளவைவிட 1 மி.மீ. கூடுதல், அதாவது 130-க்கு 131, 110-க்கு 111. வண்டியின் எல்லை டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே கணக்கு. விளிம்பில் விரலுக்குத் தட்டும் மேடு இருந்தால் டிரம் தேய்ந்திருக்கிறது. இரண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். ஒரு திசையில் கூடவும் ஒரு திசையில் குறையவும் இருந்தால் டிரம் கோணியிருக்கிறது; பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிப்பது இதனால்தான். ஸ்போக்ஸை ஒரு பக்கம் அதிகமாக இழுத்துக் கட்டினாலும் இப்படி ஆகும். எல்லைக்குள் இருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம், தாண்டினால் ஹப்பை மாற்ற வேண்டும். மேலோட்டமான துருவுக்கு உப்புத்தாளும் ஈரத்துணியும் போதும்.

கேம்: இந்த வேலையின் உயிர்

இதைத் தவிர்த்துவிட்டு ஷூவை மட்டும் மாற்றுவதுதான் அவசர வேலைக்காரர்களின் வழக்கம். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிரேக் ஆர்மைக் கழற்றும் முன், ஆர்மின் பிளவுக்கு நேராகக் கேம் தண்டின் நுனியில் ஒரு புள்ளி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஊசி முனையால் கீறி அடையாளம் இடுங்கள். இறுக்கும் போல்ட்டை முழுதும் உருவியெடுத்தால்தான் ஆர்ம் வெளியே வரும். சில தண்டுகளில் அந்தப் போல்ட்டுக்கென்றே பள்ளம் உண்டு. ஆர்ம், அம்புக்குறித் தகடு, ஃபெல்ட் வாஷர் ஆகியவற்றை வரிசையாக எடுத்துவிட்டுக் கேமை உள்பக்கமாகத் தள்ளுங்கள். வரவில்லை என்றால் இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடிக்க வேண்டாம். நுனி பூப்போல் விரிந்துவிட்டால் அது துளை வழியே வரவே வராது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து அரைமணி நேரம் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். ஷூக்கள் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் ஸ்ப்ரே அடிக்கலாம். பூட்டிய பிரேக்கில் வெளியிலிருந்து அடித்தால் அது வழிந்து ஷூவுக்குத்தான் போகும்.

தண்டை 400 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். துளைக்குள் அதே தாளைப் பென்சிலில் சுற்றிவிட்டுத் திருப்புங்கள். துருவை எடுத்தால் போதும், உலோகத்தைக் குறைக்க வேண்டாம். தண்டைத் துளைக்குள் இட்டு ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் துளை தேய்ந்துவிட்டது. அந்தப் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும்.

பிறகு கிரீஸ். தண்டு முழுக்க மெல்லிய படலம், கேமின் இரண்டு முகங்களிலும் ஆங்கர் பின்னிலும் விரல்நுனியால் தொட்டு ஒரு பூச்சு. மொத்தம் ஒரு பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. பிதுங்கி வருவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். சில நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகி, துருவைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். புது ஃபெல்ட் வாஷரை இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பது அதுதான்.

ஆர்மைப் பழைய அடையாளத்திலேயே பூட்டுங்கள். ஷூ தேய்ந்ததும் ஆர்மை ஒரு பல் தள்ளிப் போட்டு ‘இன்னும் ஆறு மாதம் ஓடும்’ என்று தருபவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்தான குறுக்குவழி. கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் ஸ்பிரிங்கால் அதைத் திருப்ப முடியாமல் ஷூ டிரம்மோடு ஒட்டியே நின்றுவிடலாம். ஓடும் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்வது இப்படித்தான். முழுதும் பிரேக் பிடிக்கும்போது ஆர்மும் கேபிளும் அல்லது ராடும் ஏறத்தாழ 90 பாகையில் நிற்பதே சரியான நிலை. அதைத் தாண்டினால் அழுத்தத்தின் பலன் குறைந்துகொண்டே போகும்.

திரும்பப் பூட்டுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஷூவைத் தொடுங்கள். ஸ்பிரிங்கை இரண்டு ஷூவிலும் மாட்டி, மடித்த நிலையில் கேமிலும் ஆங்கர் பின்னிலும் வைத்து இருபுறமும் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். டிரம்மையும் ஷூவையும் பிரேக் கிளீனரால் ஒருமுறை துடையுங்கள். புது ஷூ போட்டதும் பிளேட் டிரம்முக்குள் இறங்காவிட்டால் கேம் முழுதும் திரும்பாமல் இருக்கலாம், அல்லது ஷூ கேமின் தட்டை முகத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். அடித்து இறக்காதீர்கள்.

முன் சக்கரத்தில் கவனம் இரண்டு இடத்தில். ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் விழும்வரை பிளேட்டை மெல்லச் சுழற்றுங்கள். பொருந்தாமல் நட்டை இறுக்கினால் காது நசுங்கும், மீட்டர் ஓடாது. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஃபோர்க்கின் கீழ்க்குழலில் உள்ள முனை பிரேக் பிளேட்டின் பள்ளத்துக்குள் கட்டாயம் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, கேபிளைச் சுருட்டி, சக்கரத்தை நிறுத்தி ஆளைத் தூக்கி எறியும்.

பின் சக்கரத்தில் அதே வேலையைச் செய்வது டார்க் ஆர்ம். நட்டை இறுக்கி, புதுக் காட்டர் பின் போட்டு இரண்டு காலையும் மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம். காட்டர் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும் வண்டிகளைப் பார்த்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

ஆக்சிலில் மெல்லிய கிரீஸ் தடவி, வந்த பக்கத்திலிருந்தே செலுத்துங்கள். நட்டை இறுதியாக இறுக்கும் முன் ஒரு நல்ல தந்திரம் உண்டு. கேபிளை மாட்டி, பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும் நிலையில் ஆக்சில் நட்டை இறுக்குங்கள். ஷூக்கள் டிரம்முக்குள் தாமாகவே நடுவில் வந்து நிற்கும். இது செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் பிடிப்பில் வித்தியாசம் கையிலேயே தெரியும். பின்பக்கத்தில் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இருபுறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, செயின் தொய்வு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும்படி வைத்து இறுக்குங்கள்.

கேபிளும் அட்ஜஸ்ட்மென்டும்

ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். பெரும்பாலும் அறுபடுவது லிவருக்குள் மறைந்திருக்கும் குண்டு முனையருகே. அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் பாலித்தீன் புனல் கட்டி, தையல் மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ் முனையில் சுத்தமான எண்ணெய் வரும்வரை காத்திருங்கள். கீழ் முனையின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மணல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

முன் லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ., பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். நட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்புங்கள். நட்டின் குழிந்த முகம் ஆர்மின் உருளைப் பின்னில் உட்கார்ந்தால்தான் அளவு சரி. பாதியில் நின்றால் ஓட்டும்போது நழுவி அளவு மாறிவிடும். ஒவ்வொரு திருப்பலுக்கும் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் பரவாயில்லை, சக்கரம் தயங்கி நிற்கக் கூடாது. கடைசியாகப் பின் பிரேக் லைட். பெடலின் தளர்வு முடிந்து பிடிக்கத் தொடங்கும்போது எரிய வேண்டும். ஸ்விட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் முற்றத்திலேயே தள்ளிக்கொண்டு போய் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத தெருவில் 30 கி.மீ. வேகத்தில் இருபது முறை மிதமாகப் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சற்றுத் தூரம் விடுங்கள். புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் படிய இதுதான் வழி. முழுதாகப் படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை முழுப் பிடிப்பை எதிர்பார்க்கக் கூடாது; ஆரல்வாய்மொழிப் பக்கத்து நான்குவழிச் சாலையில் அன்றைக்கே சோதிக்க வேண்டாம். பிரேக் பிடிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுட்டால் ஷூ ஒட்டுகிறது, நட்டை அரைச்சுற்று தளர்த்துங்கள். 200 கி.மீ. ஓடியதும் தளர்வை மறுபடி அளந்து, ஆக்சில் நட்டையும் காட்டர் பின்னையும் பார்த்துவிடுங்கள்.

இரவெல்லாம் மழையில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு பிடிக்கு வெடுக்கென்று பிடித்தால் பயப்பட வேண்டாம். டிரம்மில் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும். பத்து நிமிடம் ஓடியும் போகவில்லை என்றால் மட்டும் திறந்து பாருங்கள்.

எப்போது மறுபடி

உள்நாட்டு ஊர்களில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை கேமைக் கழற்றினால் போதும். கும்பப்பூ நெல் அறுவடை முடியும் மாசி, பங்குனி வெயில் அதற்கு வசதி. சேற்றில் ஓடும் தோட்டத்து வண்டிக்கு இரண்டு மழைக்கும் பிறகு ஒவ்வொரு முறை. கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்ம் துள்ளித் திரும்புகிறதா என்ற இரண்டு நிமிடச் சோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேம்.

மீன் பெட்டி கட்டும் வண்டிகளின் கதை வேறு. ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பெட்டியின் ஓரத்தால் வழிந்து நேராகப் பின் ஹப்பிலும் கேமிலும் டார்க் ஆர்ம் நட்டிலும் சொட்டுகிறது. அந்த வண்டிகளில் இரண்டு மாதத்திலேயே கேம் இறுகும். பெட்டியின் அடியில் ஒரே ஒரு துளையிட்டு, ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தரையில் விழும்படி இறக்கிவிடுங்கள். குழாய் ஸ்போக்ஸைத் தொடாதபடி மட்கார்டோடு சேர்த்துக் கட்டுங்கள். வீடு திரும்பியதும் பின் ஹப்பின் வெளிப்புறத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரை வேகமாக அடிக்காமல் மெதுவாக ஊற்றிவிட்டு, நிறுத்துவதற்கு முன் இரண்டு முறை பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டிக் காயவைத்துவிடுங்கள்.